சீலக்காவின் விடுப்புப் பதில்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஜன்னலைச் சாத்திவிடலாம்... அந்தக் காற்றுச் சத்தம் எனக்கே பிடிக்கவில்லை.

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? இது நடந்தது பகல் பன்னிரண்டே முக்காலுக்கு. ஞாயிற்றுக்கிழமை. கிடங்குகள் மட்டுமே இருக்கிற ஒரு நீண்ட சாலை. எல்லா ஷட்டரும் இறங்கியிருந்தன. ஒரு நாய்கூட இல்லை. வெயிலில் தார் இளகும் வாசனை... ஒற்றை ஸ்கூட்டர் சத்தம். நிழல் நீளவே பயந்ததுபோல வண்டிக்கு அடியிலேயே சுருண்டு வந்ததாம்.

வண்டியில் போனவர் என் நண்பனின் தங்கை கணவர். சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவர். அதனால் ஆபீசில் அவர் பெயர் தபால்காரர். கிளம்பும்போது மனைவி கேட்டிருக்கிறாள்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை கூடவா? சாப்பிட்டுப் போங்களேன்."

"ஒரு பெட்டியை மூடணும். ஒரு மணி நேர வேலை. வந்து சாப்பிடறேன்."

யாருடைய பெட்டி என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அது சீலக்காவின் மெயில் பெட்டி. ஏற்றுமதிக் காகிதங்களுக்கெல்லாம் முத்திரை போடுகிறவர் என்பதால் அந்தப் பெயர். பத்தொன்பது வருடத்தில் நீண்ட விடுப்பு எடுத்ததே இல்லை. வயிற்றில் ஆபரேஷன் என்று முதல்முறையாகப் பத்து நாள் கேட்டார். போவதற்கு முன் விடுப்புப் பதிலைத் தானே எழுதி வைத்தார். நாம் லீவில் இருக்கும்போது மெயில் அனுப்புகிறவர்களுக்குச் சர்வர் தானாகவே ஒரு பதில் போடுமே, அதுதான். 'மருத்துவமனையில் இருக்கிறேன். பத்தாம் தேதிவரை தயவுசெய்து என்னைத் தேட வேண்டாம்.' அவ்வளவுதான் அவர் கேட்டது.

ஆபரேஷன் அன்று மாலையே மேலாளர் தபால்காரரைக் கூப்பிட்டார்.

"ஆஸ்பத்திரின்னு போட்டிருக்கு பாரு. கஸ்டமர் ஓடிருவான். அதைத் தூக்கிட்டு, 'அவசரம்னா கூப்பிடுங்க'ன்னு அவங்க செல் நம்பரைப் போடுப்பா."

"ஒரு வார்த்தை அவங்களைக் கேட்டுடட்டுமா சார்?"

"வயித்தைக் கிழிச்சுப் படுத்திருக்கிறவங்களைப் போய்த் தொந்தரவு பண்ணுவியா? மனுசனாய்யா நீ?"

சர்வர் பார்க்கிறவருக்கு யாருடைய விடுப்புப் பதிலையும் திருத்தும் வசதி உண்டு. பெட்டிக்குச் சொந்தக்காரருக்குத் தெரியவே தெரியாது. தபால்காரர் ஒரு வரி தட்டினார். அரை நிமிட வேலை. பிறகு டீ குடிக்கப் போய்விட்டார்.

நான்கு நாளில் அறுபத்து மூன்று அழைப்புகள். துறைமுகத்திலிருந்து, கிடங்கிலிருந்து, முகம் தெரியாத கஸ்டமர்களிடமிருந்து. நான்காம் நாள் சார்ஜில் கிடந்த போனை எடுக்கக் கட்டிலிலிருந்து இறங்கினார் சீலக்கா. உள்ளே தையல் விட்டுவிட்டது... உயிர் போய்த் தரையில் கிடந்தபோதும் போன் அடித்துக்கொண்டிருந்ததாம்.

வரியை மாற்றிய விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். தபால்காரருக்கு இருந்த பயம் ஒன்றுதான்: தன் பெயர் எங்கும் வந்துவிடக் கூடாது. அதனால்தான் அந்த வரியை அழிக்க, யாரும் இல்லாத ஞாயிற்றுக்கிழமை.

சர்வர் அறை குளிர்ந்து கிடந்தது. இயந்திரங்களின் ஒரே சீரான ரீங்காரம். அவர் பெட்டியைத் திறந்தார். விடுப்புப் பதில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தான் எழுதிய அதே வரி, அதே நம்பர். அதை நிறுத்தினார். நின்றுவிட்டதா என்று பார்க்கத் தன் பெட்டியிலிருந்து அந்த முகவரிக்கு ஒரு வெற்று மெயில் அனுப்பினார். எப்போதும் அப்படித்தான் செய்வார்.

பதில் வந்தது.

'என் வரியை மாற்றியது யார்?'

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். யாரோ விளையாடுகிறார்கள். மறுபடி போய்ப் பார்த்தார். நிறுத்தியது நிறுத்தியபடியே இருந்தது. அப்போதுதான் அந்த வாசனை... ஊசி போடுமுன் தேய்ப்பார்களே, அந்த ஸ்பிரிட். கூடவே ஒரு சத்தம். சொட்... சொட்... ஏசி ஒழுகுகிறதோ என்று அடியில் கைவைத்துப் பார்த்தார். காய்ந்து கிடந்தது.

பதில் சொல்லாமல் இருந்தால் போயிற்று என்று நினைத்தார். பெட்டியையே அழித்தார். அழித்ததை மூன்றுமுறை சரிபார்த்தார். இனி அப்படி ஒரு முகவரியே கிடையாது.

மணி ஒன்று. அவர் மறந்துபோனது இதைத்தான். ஞாயிறு ஒரு மணிக்கு மேலாளர் வீட்டிலிருந்து வாரத் திட்டத்தை எல்லாருக்கும் அனுப்புவார். அந்தப் பட்டியலிலிருந்து சீலக்காவின் பெயரை யாரும் எடுத்திருக்கவில்லை.

திரையில் ஒவ்வொரு வரியாக ஓடியது. மேலாளரின் மெயில் உள்ளே வந்தது. இல்லாத பெட்டியிலிருந்து மேலாளருக்கு அதே கேள்வியோடு ஒரு பதில் வெளியே போனது. மேலாளரோ எந்த மெயிலுக்கும் அரை நிமிடத்தில் பதில் போடுகிற மனிதர்...

அரை நிமிடம்கூட ஆகவில்லை. மேலாளரின் பதில் வந்துவிட்டது. தபால்காரர் அதைத் திறந்து படித்தார்.

'மாத்தினது சர்வர் பாக்கற பையன். எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா.' கீழே தபால்காரரின் முழுப்பெயர். தப்பில்லாமல், இனிஷியலோடு.

சொட்... சொட்... சத்தம் இப்போது நாற்காலிக்குப் பின்னால்.

அவர் திரும்பவில்லை. ஆத்திரத்தில் விரல்கள் தாமாகவே ஓடின. 'மாத்தச் சொன்னது மேலாளர். நான் வெறும் டைப் அடிச்சவன்.' அந்த இல்லாத முகவரிக்கே அனுப்பிவிட்டார்.

ஒரு ஆளுக்கு ஒரே ஒரு விடுப்புப் பதில். அதுதான் சர்வரின் சட்டம். இல்லையென்றால், லீவில் இருக்கிற இரண்டு பேரின் பெட்டிகள் விடிய விடிய ஒன்றுக்கொன்று பதில் போட்டுக்கொண்டே இருக்கும். தனக்கு ஏற்கெனவே ஒன்று வந்துவிட்டது, இனி வராது என்று அவர் நம்பினார்.

வந்தது.

'இருவருக்கும் நன்றி.'

அவ்வளவுதான். வாசனை போயிற்று. சத்தம் போயிற்று. அவர் அதே வெயிலில், அதே சாலையில் வீடு வந்து, ஆறிப்போன சாப்பாட்டைச் சாப்பிட்டார்.

அன்றிரவு முதல் மேலாளர் தூங்கவில்லை. கண் மூடினால் போன் அடிக்கிறது என்றாராம். எடுத்தால் யாருமில்லை. இரண்டாம் நாள் போனை அணைத்தார். மூன்றாம் நாள் டிரைவரிடம் கொடுத்து ஆற்றில் போடச் சொன்னார். நான்காம் நாள் விடிகாலை, இல்லாத போனை எடுக்கக் கட்டிலிலிருந்து இறங்கியிருக்கிறார். தரையில் கிடந்தார். உள்ளங்கை காதோடு ஒட்டியிருந்தது... பிரித்தெடுக்க இரண்டு ஆள் வேண்டியிருந்ததாம்.

தபால்காரரா? இருக்கிறார். நீங்களே பார்த்திருக்கலாம். கண்ணைச் சுற்றிக் கரி பூசியதுபோல இருக்கும். வேலையை விட்டுவிட்டார். வீட்டில் போன் கிடையாது. காது டாக்டர் மூன்று பேர் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். கண் அயர்ந்தால் போதும், விலுக்கென்று எழுந்துவிடுகிறார். மனைவி முதலில் பிரமை என்றுதான் நினைத்தாள்.

போன மாதம் ஒரு நாள், மாத்திரை போட்டுக்கொண்டு அவர் அசந்து தூங்கிவிட்டார். பாவம், எத்தனை நாள் தூக்கம் என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ தோன்றியது. குனிந்து, தன் காதை அவர் காதோடு வைத்துப் பார்த்தாள்.

உள்ளே மணி அடித்துக்கொண்டிருந்தது.

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, அவர் காதுக்குள் மெல்ல "ஹலோ" என்றாள்.

மணி நின்றது.

"தூங்கறாராம்மா?" என்றது ஒரு பெண் குரல். மரியாதையான, ஆபீஸ் குரல். "கொஞ்சம் எழுப்புங்களேன். அவசரம்."