முதல் தட்டு

அந்த ஜப்பானியக் கடைச் சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும் ஐயா. சோற்றின் மேல் பச்சை மீன் துண்டுகள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதன் கிளை ஒன்றை எங்கள் கட்டடத்தில் நடத்த என் மகன் விண்ணப்பித்திருந்தான். வேறொரு கிளையில் மூன்று மாதப் பயிற்சி. ஒருநாள் போய்ப் பார்த்தேன். தலையில் தொப்பி, நெஞ்சில் பெயர் அட்டை. கதவு திறக்கும்போதெல்லாம் இடுப்பை வளைத்து வணங்கினான். வந்தவர்களில் ஒருவன் முன்பு எங்களுக்குக் கார் ஓட்டியவன். எழுந்து போனால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று சாப்பிட்டு முடித்துவிட்டே வந்தேன்.

"குனிஞ்சா முதுகா உடைஞ்சிடும்ப்பா?" என்றான் மகன்.

மருமகள் சிரித்தாள். "மாமா முதுகு வளையாது. இஸ்திரி போட்டு வச்சிருக்காங்க."

அவள் ஒருத்திதான் என்னிடம் அப்படிப் பேசுவாள்.

மகன் கடை ஒப்பந்தத்தைப் படித்துக் காட்ட வந்தான். "எவனோ போட்ட சட்டத்தை என் வீட்ல படிக்காதே" என்று அனுப்பிவிட்டேன்.

கடை திறக்குமுன் நிறுவன அதிகாரி வந்து சாப்பிட்டுப் பார்ப்பார். அவர் 'தேறியது' என்று சொன்னால்தான் அனுமதி. அவருக்கு வயிறு கெட்டால் போதும் என்று நினைத்தேன். அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. மீன் வைத்த குளிர்பெட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"மனசு மாறிட்டீங்களாப்பா" என்று மகன் சந்தோஷப்பட்டான்.

ஞாயிறு காலையில் பெட்டியை அணைத்தேன். வெப்பநிலை குறிக்கும் தாளை நானே நிரப்பினேன். மறுநாள் காலை மறுபடி போட்டேன். வாடை ஒன்றும் பெரிதாக இல்லை.

அன்று மதியம் வந்த அதிகாரி தட்டைத் தொடவில்லை. "முதல் தட்டை உரிமையாளர் வீட்டுல ஒருத்தர் சாப்பிடணும். ஒப்பந்தத்துல இருக்கே" என்றார். மகன் கையுறையோடு அடுப்படியில் நின்றான். மருமகள் உட்கார்ந்தாள்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெளியாள் முன்னால் வீட்டு விஷயம் பேசி எனக்குப் பழக்கமில்லை.

"மாமா, உங்களுக்கு ஒரு துண்டு?"

"பசியில்லம்மா."

அதிகாரி அடுத்த தட்டில் இரண்டு துண்டோடு நிறுத்திக்கொண்டார், பிழைத்துவிட்டார். அவள் மிச்சமே வைக்கவில்லை. பெரியவர்கள் முன்னால் தட்டில் மிச்சம் வைக்கக்கூடாது என்று, கல்யாணமாகி வந்த அன்றே சொல்லியிருந்தேன். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

நீங்கள் என் மகனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவனும் தன் கைதான் கொன்றது என்கிறான். இல்லை. பெட்டியை அணைத்தது நான். தெரிந்தே அவளைச் சாப்பிட விட்டதும் நான். எழுதிக்கொள்ளுங்கள், களைப்பாக இருக்கிறது.

அவனிடம் ஒன்று சொல்லிவிடுங்கள் ஐயா. அழுவதாக இருந்தால் உள்ளேயே அழட்டும். வராந்தாவில் ஆட்கள் இருக்கிறார்கள்.