பின்சீட்டில் பாரம்

— போல்ட் நாலும் கச்சிதமா உக்காந்துடுச்சுல்ல, மச்சான்? அப்புறம் எதுக்கு இன்னும் நோண்டிக்கிட்டு? வண்டியை விடுங்க, நான் கிளம்பறேன்.

— போல்ட் உக்காந்தா ஆச்சா, மாப்பிள்ளை? உங்க வண்டியோட வந்த சக்கரம் பதினாலு இன்ச். நீங்க தூக்கிட்டு வந்திருக்கிற அலாய் சக்கரம் பதினாறு. அகலமும் ஜாஸ்தி. இந்தக் குட்டிக் காருக்கு இது, அப்பன் சட்டையைப் பிள்ளை போட்ட கதைதான்.

— பொண்டாட்டியோட அண்ணன் கடையாச்சேன்னு வந்தேன் பாருங்க, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

— அதைச் சாவகாசமா அடிச்சுக்கலாம். இப்ப ஸ்டியரிங்கை முழுசா ஒடிங்க. இடப்பக்கம்... ம். அந்தப் பக்கம்... ம்.

— எங்கயும் இடிக்கல. பார்த்தீங்கல்ல?

— முன்னாடி இடிக்கல. பின்னாடி டயர் ஓரத்துல சாக்பீஸ் தடவியிருக்கேன். பின்சீட்ல ஆள் பாரத்துக்குப் பதிலா ரெண்டு பழைய லாரி பேட்டரியை வெக்கிறேன். தெருமுனை வேகத்தடையில ஒரு தடவை ஏத்தி இறக்கிட்டு வாங்க.

— என் சீட்டு மேல பேட்டரியா! ஆசிட் கொட்டினா நீங்களா மாத்திக் குடுப்பீங்க?

— கோணி விரிச்சிருக்கேன். உங்க சீட்டுக்கு ஒண்ணும் ஆகாது. போயிட்டு வாங்க.

— இந்தா, போயிட்டு வந்தாச்சு. என்ன குடி முழுகிப்போச்சு?

— இறங்கிக் குனிஞ்சு பாருங்க. மட்கார்டு உள்விளிம்புல வெள்ளையா கோடு தெரியுதா? சாக்பீஸ் ஒட்டியிருக்கு. டயர் அங்க உரசுது.

— லேசாதானே!

— ஒரு வேகத்தடைக்கு லேசு. நாளைக்கு ஆபீஸ் ஆளுங்களோட மலைக்குப் போறீங்கல்ல? வளைவுக்கு வளைவு அந்தத் தகடு டயரை அறுக்கும். பாதி மலையில வெடிச்சா, பின்னாடி உக்காந்திருக்கிற பிள்ளைங்க கதி என்ன?

— வாயைக் கழுவுங்க முதல்ல! அந்த விளிம்பைச் சுத்தியலால அடிச்சு மடக்குங்க, வேலை முடிஞ்சுது. எதிர்க்கடைக்காரன் அரை மணி நேரத்துல பண்ணிடுவான்.

— பண்ணுவான். அதுல போகப்போறது அவன் தங்கச்சியா என்ன?

— சும்மா தங்கச்சி தங்கச்சின்னு! கட்டிக் குடுத்தாச்சுல்ல? ஆபீஸ்ல ஒவ்வொருத்தனும் படகு மாதிரி வண்டியில குடும்பத்தோட வந்து இறங்குவான். நான் மட்டும் இந்தத் தகர டப்பாவுல போய் நின்னு பல்லைக் காட்டணுமா?

— ஸ்பிரிங்கையும் வெட்டி வண்டியைத் தாழ்த்தியிருக்கீங்க. எப்பப் பண்ணது?

— போன மாசம். அதுக்கென்ன இப்ப?

— சின்னவளுக்குத் தாடையில தையல் போட்டதும் போன மாசம்தானே?

— அது ஊஞ்சல்ல இருந்து விழுந்தா. அன்னைக்கே சொன்னேனே.

— இன்னொரு தடவை கேக்கறேன், மாப்பிள்ளை. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஊஞ்சல்ல இருந்தா? வண்டி தடுமாறி முன்சீட்ல மோதினாளா?

— என்னய்யா, போலீஸ்காரன் மாதிரி! ஊஞ்சல்தான், ஊஞ்சல்தான், ஊஞ்சல்தான்! வேணும்னா உங்க தங்கச்சியையே கேளுங்க, அவளும் அதைத்தான் சொல்லுவா.

— சொல்லுவான்னு உங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

— என் பொண்டாட்டி, என் பிள்ளைங்க, என் வண்டி. நீங்க ஸ்பேனர் பிடிக்கிற ஆளு. அந்த வேலையை மட்டும் பாருங்க.

— சரி. விலகி நில்லுங்க. பேட்டரியை இறக்கிட்டு, நாலு சக்கரத்தையும் நல்லா முறுக்கித் தந்துடறேன். எடுத்துட்டுப் போங்க.

— அப்படி வாங்க வழிக்கு! இதுக்கா இவ்வளவு நேரம் என் உயிரை வாங்குனீங்க? இப்ப மட்டும் உரசாதாக்கும்?

— உரசாது. ஒரு ஆள் பாரத்துக்கு இந்தச் சக்கரம் தாராளமாப் பொருந்தும்.

— ஒரு ஆளா? நாலு பேர் போறோம்யா! காதுல என்ன பஞ்சா வெச்சிருக்கீங்க?

— நீங்க காலையில ஆபீஸுக்குக் கிளம்பின கையோட, அவ ரெண்டு பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டுப் பெட்டியோட என் வீட்டுக்கு வந்துட்டா, மாப்பிள்ளை.