நம் சாக்கில் பிறநாட்டு மிளகா?

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் மிளகு உற்பத்தியாளர் சங்கத் தலைவர் ஜைனுதீன் ஹாஜியார் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் முதியோரே, மிளகைக் காயப்போட்டுவிட்டு மேகத்தைப் பார்த்தபடியே அமர்ந்திருக்கும் தாய்மாரே, உக்குவளைப் பெருமக்களே! சங்கத்தில் மூத்தவளான பாலாமணியின் வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரியது.

தென்கிழக்காசியாவோடு நமது உறவைப் புகழ்ந்து பேசச் சொன்னார்கள். புகழ நா எழவில்லை. அங்கே பெரிய நாடுகள் கடலில் முட்டிக்கொள்வதை நினைத்தும், இங்கே நம் ஊரில் நடப்பதை நினைத்தும் அஞ்சுகிறேன்.

செவ்வாய்க்கிழமை, கொழும்பு வியாபாரி ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். வியட்நாம் மிளகை நம் சங்க முத்திரையிட்ட சாக்குகளில் நிரப்பி, மாத்தளை மிளகென்று இந்தியாவுக்கு அனுப்புவாராம். நம் மண்ணில் விளைந்ததற்கு அங்கே வரிச்சலுகை உண்டல்லவா?

"எங்க வெளைஞ்சா என்னம்மா? கறுப்பு கறுப்புதானே?" என்றார்.

"அப்போ எங்க சாக்கு எதுக்குங்க?" என்றேன்.

தேத்தண்ணியில் சீனி போதாது என்றார்.

அதற்குச் சம்மதமா என்றுதான் நம் சங்க நிர்வாகிகள் இன்று உங்களைக் கை தூக்கச் சொல்லப்போகிறார்கள்.

என்ன நாகமுத்து, சிரிக்கிறீர்கள்? உரக்கச் சொல்லுங்கள்.

"பெரிய நாடுங்க கடல்ல முட்டிக்கிட்டா நமக்கென்னங்கம்மா?"

செங்கடல் சண்டையால் கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றிப் போன காலத்தில், உங்கள் மிளகு வாங்க ஆளின்றி நம் சங்க ஸ்டோரில் கிடந்ததே, அது எந்தக் கடலின் குற்றம்? கொன்வென்டில் பூகோளம் கற்பித்த சிஸ்டர், கண்ணை மூடிக்கொண்டு மலாக்கா நீரிணையைக் காட்டச் சொல்வார். காட்டியவள் நான். அந்த நீர் கலங்கினால் இந்த ஊரின் அடுப்பு அணையும் என்று எனக்குத் தெரியும்.

அந்தத் தென்கிழக்காசிய நாடுகள் ஒரு வல்லரசிடம் வணிகம் செய்யும், மறு வல்லரசிடம் பாதுகாப்புப் பேசும், பேரம் பேசும்போது ஒன்றாக அமரும். ஒரு கதவு மூடினால் மறுகதவைத் தட்டும். நாம் யார் கதவைத் தட்டுவோம்? நம்மிடம் என்ன இருக்கிறது? போர்க்கப்பலா? பெரும்படையா? நம் மிளகின் பெயர் இருக்கிறது. அது ஒன்றுதான் இருக்கிறது!

ஒரு சாக்கு பிடிபட்டால் போதும். இங்கே அமர்ந்திருக்கும் ஸுலைஹாவின் சாக்கையும் சந்தேகிப்பார்கள், சிவநந்தினியின் சாக்கையும் திருப்பி அனுப்புவார்கள். பொய் சொன்னவர் கொழும்பில் இருப்பார். பழி சுமப்பவர் உக்குவளையில் இருப்பார்.

வெளியே லொறி உறுமுகிறதே, கேட்கிறதா? கை தூக்கும் முன்பே அதை யார் வரச் சொன்னது, ஹாஜியார்?

"மழைக்கு முந்தி நம்ம முத்திரை போட்ட வெறுஞ்சாக்க கொழும்புக்கு ஏத்திருவோம்னுதான், பாலாமணியம்மா..."

கேட்டீர்களா, தாய்மாரே? உங்கள் சம்மதத்தை உங்களுக்கு முன்பே எடுத்துக்கொண்டார்கள்!

எனக்கும் பயம்தான். ஆயினும் இப்போதே இறங்கிப் போய் ஸ்டோர் வாசலை மறித்து நிற்கப்போகிறேன். நீங்கள் கை தூக்க வேண்டாம். எழுந்து வாருங்கள்.

இதுவரை கேட்டவர்களுக்கு என் நன்றி. என்னோடு வருகிறவர்களுக்கு என் வணக்கம்.