டங்கன் எப்படிப்பட்ட ஆள்

— முதல்ல தேத்தண்ணியக் குடி, தேவதாசன். மறுகா சொல்லு. மகள் சுதாஜினி பிள்ளை பாக்கிற கார்டரியில வேலை முடிஞ்சு வாறதுக்குள்ள சொல்லிரணும். ஒண்டையும் ஒளிக்காத, மனே.

— ஒளிக்க என்ன கிடக்கு, மார்க்கண்டண்ணை? பாக்டரிக்கு லீவு போட்டிட்டு, ஆத்துக்கு அங்காலை மாப்பிள்ளை வீட்டுக்கே போய் விசாரிச்சுப்போட்டு வாறன். அலெக்சி தங்கமான பொடியன். குடிக்கிறேல்லை, சூதாடுறேல்லை...

— பொடியனையா நான் கேட்டன்? சுதாஜினிக்குப் பிடிச்சிரிக்கு, அது அவள்ட பாடு. கலியாணம் முடியுமட்டும் எந்தக் கள்ளனும் நல்லவன்தான். நான் கேட்டது அவன்ட ஆக்களை.

— பொடியன்ரை அப்பம்மா இருக்கிறா. அவவோடைதான் கதைச்சனான். என்ன கேட்டாலும் கதை டங்கனிலை போய்த்தான் நிக்குது.

— ஆரவன் டங்கன்?

— இஞ்சை மொன்றியல் பக்கம் முதல் வந்த பூட்டன். நூற்றைம்பது வருசத்துக்கு முன்னம் ஸ்கொட்லாந்திலையிருந்து கப்பலிலை வந்தவராம்.

— என்ன செஞ்சு போட்டு ஓடி வந்தவன்?

— ஒண்டும் செய்யேல்லை அண்ணை. செம்மறியாடு விட நிலம் வேணுமெண்டு காணிக்காரன் ஆக்களைக் கலைச்சுப்போட்டானாம்.

— ஆட்டுக்காக மனிசனைக் கலைச்சானா. ம். எல்லா ஊரிலயும் ஒருத்தன் இரிக்கிறான். மறுகா?

— இஞ்சை காட்டை வெட்டி, மரத்தை எரிச்சு, சாம்பலை வித்தவர்.

— சாம்பலையா? ஆர் வாங்கினது?

— சவுக்காரம் செய்யிற ஆக்கள்.

— சாம்பலை வித்துக் காசாக்கினவனா. அவன்ட பரம்பரையிட்ட வாய் குடுக்கக் கூடா. மறுகா?

— அந்தக் காசிலை ரெண்டு பசு வாங்கினவர், சிவப்பிலை வெள்ளை போட்டது. பேந்து மாரியிலை, ஆறு உறைஞ்சு கிடக்கேக்கை, மொன்றியலிலை ஒரு காளை வாங்கி ஐசுக்கு மேலாலை நடத்திக்கொண்டு போனவராம். நடு ஆத்திலை காளை படுத்திட்டுதாம்.

— படுக்கும். காளையைப் பத்தி எனக்குச் சொல்லாத. இருநூறு மாட்டுக்குக் குறி சுட்ட கை இது. அடிச்சானா?

— இல்லை. தன்ரை கோட்டைக் கழட்டி அதுக்குப் போத்திப்போட்டு, தானும் பக்கத்திலை படுத்திட்டாராம். கொஞ்ச நேரத்தாலை ரெண்டு பேரும் எழும்பி நடந்தவையாம்.

— விசரன்.

— அந்தக் காளைக்கு மாமனாரின்ரை பேரை வைச்சவர்.

— அம்பிட்டு மரியாதையா?

— மரியாதையோ? மாமனாரோடை கோவம். பேரைச் சொல்லி ஏசலாமெல்லே.

— அது நல்ல யோசனைதான். எத்தினை பொண்டாட்டி?

— மூண்டு. முதல் ரெண்டு பேரும் செத்துப் போச்சினம்.

— பாத்தியா. தோசம்.

— காய்ச்சல் அண்ணை. அந்தக் காலத்திலை ஆருக்கு இல்லை? மூண்டாவது பிரெஞ்சுக்காரி. அவவின்ரை தகப்பன் குடுத்த வளவிலை போயிருந்துதான் பெரிய மாட்டுப் பட்டி வைச்சவர்.

— பொண் வீட்டோட போயிரிந்தவனா? எங்கட மட்டக்களப்பு மாதிரியா?

— ஓம் ஓம். அப்பிடித்தான்.

— அதை முதல்ல சொல்லுறதுக்கென்ன? சரி, தாய்வழியில என்ன குடி? எங்கட பக்கம் அதைக் கேக்காமக் கை நனைக்க மாட்டம்.

— கேட்டனான். அப்பம்மாவுக்குத் தன்ரை அம்மம்மாவின்ரை பேரே தெரியாது. ஆனா இப்ப கொட்டிலிலை நிக்கிற பசுவின்ரை தாய், தாயின்ரை தாய் எண்டு ஒரே மூச்சிலை டங்கன் வாங்கின பசுவிலை கொண்டுபோய் விட்டா.

— மாட்டுக்குக் குடி இரிக்கு, மனிசனுக்கு இல்ல. நல்ல குடும்பம். சொந்தத்துக்குள்ள கட்டினவனா, பிறத்தியிலயா?

— ஆர், டங்கனோ?

— மாட்டைக் கேக்கிறன்.

— அண்ணன் தங்கச்சிக்குள்ளை விடுறேல்லையாம். மச்சான் மச்சாள் எண்டால் விட்டவராம்.

— அப்ப முறை தெரிஞ்ச மனிசன்.

— அப்ப ஓம் எண்டு சொல்லட்டோ?

— பொறு. எப்பிடிச் செத்தான்?

— பால் கறக்கேக்கை. பசுவின்ரை வயித்திலை தலையைச் சாய்ச்சபடி செத்துப் போனார். ஆக்கள் வந்து பாக்குமட்டும் பசு அசையேல்லையாம்.

— வாளி?

— துளி சிந்தேல்லையாம்.

— ...ம். சரி. என்ர சம்மதத்தைச் சொல்லு. ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் இஞ்ச வரச் சொல்லு. என்னத்துக்கு முழிக்கிறாய்?

— அதிலை ஒரு சிக்கல் அண்ணை. அப்பம்மா இன்னும் சம்மதிக்கேல்லை.

— அவ சம்மதிக்கிறதா? நாங்கெல்லோ விசாரிக்கிற ஆக்கள்?

— அவவும் விசாரிச்சவ. பொம்பிளையின்ரை தகப்பன் எப்பிடிப்பட்ட ஆள் எண்டு. நீங்கள் ஊரெல்லாம் சொல்லுறதைத்தான் நானும் சொன்னனான். பெரிய பட்டிக்காரர், இருநூறு மாடு எண்டு.

— சரியாத்தானே சொல்லியிரிக்காய்.

— ஞாயிற்றுக்கிழமை விடியக் காலமை உங்களை அங்கை வரட்டாம். ஒரு பசுவைக் கறக்காமல் விட்டு வைப்பாவாம். கை பாத்துத்தான் முடிவு சொல்லுவாவாம்.

— கதவைச் சாத்து, மனே. மாட்டுக்கு எந்தப் பக்கமாக் குந்துறது?