மூன்றாம் மாடிக்குப் போகாத கடிதம்

ஜெர்மனியின் கொலோன் நகரில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் பகலில் வீட்டில் நிற்பவள் நான் ஒருத்திதான். யாருக்குப் பார்சல் வந்தாலும் வாங்கி வைப்பேன். அனுப்பியவர் பெயரையும் வாசித்து வைப்பேன். அதில் தவறில்லையே.

இரண்டாம் மாடியில் அல்கிர்தாஸ், லித்துவேனியாக்காரர். அவருடைய நாடு சோவியத்தின் பிடியில் இருந்தபோது, பத்தொன்பது வயதில் கட்டாயமாகப் பட்டாளத்தில் சேர்த்து ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் மாடியில் குல்சூம், ஆப்கான்காரி. அவள் பிறந்த ஊரின் பெயரை அவருக்குச் சொன்னதே நான்தான். கேட்டதும் மனிதர் அந்தப் பெயரை இன்னொருமுறை சொல்லச் சொன்னார்.

மறுநாள் பழைய பட்டாளப் பத்திரிகைத் துண்டொன்றைக் காட்டினார். படத்தில், அதே ஊரில், ஒரு சிறுவனுக்குச் சிரித்தபடி ரொட்டி நீட்டுகிறார். கீழே ‘நண்பர்கள்’ என்று போட்டிருக்கிறதாம். பொய்யென்றாலும் வடிவான பொய்.

“படம் எடுத்ததும் ரொட்டியைத் திருப்பி வாங்கிப்போட்டாங்கள். அடுத்த நாள் ஊரைச் சுடச் சொன்னாங்கள். சுட்டனான்.”

நேரே போக அவருக்குக் கால் வரவில்லை. படத்தையும் ஒரு கடிதத்தையும் என்னிடம் தந்து குல்சூமிடம் சேர்க்கச் சொன்னார். வெந்நீர்க் கேத்திலின் ஆவியில் உறை சுலபமாகத் திறந்தது. கூப்பிட்டால் வருவேன், எவ்வளவு ஏசினாலும் கேட்டுக்கொண்டிருப்பேன் என்று எழுதியிருந்தார். இவ்வளவுதான்.

என் கணவர் கனகலிங்கம் கண்டுவிட்டார். “உமக்கு ஏனப்பா இந்த வேலை? கொண்டுபோய்க் குடும்.”

“குடுக்கத்தானே போறன். பொறுங்கோ.”

கொடுத்தேன், படத்தை மட்டும். படத்தில் நிற்பவர்தான் இரண்டாம் மாடிக்காரர் என்றேன். குல்சூம் பட்டாளத்தானைப் பார்க்கவே இல்லை. சிறுவனின் முகத்தில் விரலை வைத்தாள்.

“என்ரை தம்பி. ஊரைச் சுட்ட நாளுக்குப் பிறகு அவனைக் காணேல்லை. அவன்ரை படம் ஒண்டும் எங்களிட்டை இல்லை. இந்த மனுசன் அவனைக் கண்டிருக்கிறார். கூட்டிக்கொண்டு வாங்கோ அக்கா.”

இருவரும் நேரே பேசத் தொடங்கினால் நடுவில் நான் எதற்கு? அவரிடம், அவள் உங்கள் முகத்தில் விழிக்கமாட்டாளாம் என்றேன். அவளிடம், படத்தில் இருப்பது தானில்லை என்று சாதிக்கிறார் என்றேன். பதினொரு வாரம் முழங்கால் வலியோடு ஏறி இறங்கினேன். இருவரும் கதவடியில் எனக்காகக் காத்து நிற்பார்கள். என் வாழ்நாளில் என்னை அப்படி யாரும் எதிர்பார்த்து நின்றதில்லை.

கடைசியாக, “கடிதத்தை வாசிச்சவவோ?” என்று கேட்டார்.

“ஓம். நீங்கள் உயிரோடை இருக்கிறதே பிழை எண்டு சொன்னவ.”

குல்சூம் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவளுடைய இடத்தில் யாரும் சொல்லக்கூடியதுதான். அவர் “நன்றி” என்றார். மூன்றாம் நாள் அவரை ரைன் ஆற்றிலிருந்து எடுத்தார்கள்.

இப்போது அவருடைய கதவைக் கடக்கும்போதெல்லாம் படிக்கட்டு விளக்கு அணைகிறது. இரண்டு நிமிடத்தில் தானாக அணையும் விளக்குத்தான், எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த இருட்டில் யாரோ மெதுவாக நன்றி சொல்கிறார்.

தம்பியைப் பற்றி அவர் ஏதாவது சொல்லிவிட்டுப் போனாரா என்று குல்சூம் தினமும் கேட்கிறாள். வெறுமனே அனுப்ப மனம் வருமா? சுடுவதற்கு முன்பே சிறுவன் மலைப்பக்கம் ஓடித் தப்பியதைக் கண்டாராம் என்று நேற்றுச் சொல்லிவைத்தேன். இன்று காலையிலிருந்து தம்பியைத் தேடிப்போகக் காபூலுக்கு விமானச் சீட்டு விசாரித்துக்கொண்டிருக்கிறாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. அதற்கு நான் ஒருத்தி இருக்கவேண்டியிருந்தது.