மெதுவாகப் படியேறும் நர்ஸ்

பஸ்ஸில் டிரைவர் இருந்தார். தூங்கிக்கொண்டு ஒரு சீனப் பெரியவர் இருந்தார். மீன் வாங்கி வந்த மலாய்க்கார அம்மா ஒருவர். எனக்கு முன் சீட்டில் இரண்டு தமிழ்ப் பெண்கள். அப்புறம் நான். தஞ்சோங் காராங்கிலிருந்து கோலா சிலாங்கூர் போகிற பஸ்.

இளையவள் சொன்னாள்: "இன்னைக்கு அந்த நர்ஸ் மாட்டிக்குவாக்கா. நாளையிலேருந்து நான் பாத்துக்கிற, தோட்டத்துல கணக்கெழுதுன கிராணி ஐயாவுக்கு எப்படிக் கஞ்சி ஊட்டுறது?"

மூத்தவள் திரும்பினாள். "எந்த நர்ஸு?"

"சீரியல்ல வர்றவ. இன்னையோட அது முடியுது. தனி வீடு, படுக்கையில ஒரு கிழவரு. இவ கொஞ்சங்கொஞ்சமா விஷம் வைக்கிறா. அவ மெதுவா படியேறி வர்றப்ப ஐயா வாயைப் பொளந்து பாப்பாரு. நான் கரண்டிய உள்ள விட்டுருவேன்."

"அடிப்பாவி! செம்பனைக் காட்டுக்குள்ள தனி வீட்டுல நீங்களும் ரெண்டே பேருதானே? அவருக்குப் பயமா இல்லையா?"

"'கஞ்சியில என்னாடி போட்ட?'ம்பாரு. 'உப்பு'ன்னா சிரிப்பாரு. சீரியல் இல்லாட்டி வாயே தொறக்கமாட்டாரு. இன்னும் எடை குறைஞ்சா மூக்குல குழாய்தான்னு டாக்டர் சொல்லிட்டாருக்கா."

"சண்டைப் படம் போடு லா."

"போட்டேன். படபடன்னு ஓடுது. ரெண்டு வாய்கூட இறங்கல."

மூத்தவள் கைப்பேசியில் தேடி எடுத்து நீட்டினாள். "இந்தா, என் மாமியா பாக்குறது. இதுலயும் தனி வீடு, பாத்துக்க வந்த பொம்பளை. ஒரு கதவைத் தொறக்கவே ஒரு வாரம் ஆகும்."

"எத்தனை எபிசோட்?"

"முந்நூத்திப் பன்னெண்டு."