சோத்தாங்கை பக்கம்

போன எடுக்காத தம்பி. எங்க வூட்டுக்காரருதான், எனக்குத் தெரியும். அடிச்சி ஓயட்டும் வுடு. நீ எடுத்தன்னா இன்னா சொல்லுவாரு தெரியுமா? பிரேம்குமாரு, ஒசரத்துல கை வைக்காத, சைலன்சர்ல கை வைக்காத, எங்க வூட்ல இன்னா சொன்னாலும் சரிம்மா சரிம்மான்னு தலைய ஆட்டிட்டு வுட்ருன்னுவாரு. நீயும் சரிண்ணேன்னுவ. அப்புறம் இந்த ஜீப்பு வண்டி எப்பிடி வந்துச்சோ அப்பிடியே எங்க வாசல்ல வந்து நிக்கும். நான் பழையபடி முக்காலி போட்டு ஏறணும். ஆமாம்பா, முக்காலிதான். சிரிக்காத. பின்னாடி டிக்கில கெடக்குது பாரு.

விழுப்புரத்துல சீனுவாசன்னு ஒருத்தரு பெரிய ஷெட்டு வச்சிக்கினு கீறாரே, தெரியுமா உனக்கு? போன மாசம் அவருகிட்டதான் வுட்டேன். அடிபட்ட பம்பர மாத்து, கூடவே ஒசரத்த எறக்கு, டயர மாத்து, மேல கீற லைட்டெல்லாம் கழட்டு, கடைக்குப் போய் காய்கறி வாங்கிக்கினு வர்ற வண்டியா பண்ணிக் குடுங்கன்னு படிச்சி படிச்சி சொல்லிட்டு வந்தேன். அவரும் ஆவட்டும்மா ஆவட்டும்மான்னாரு. வண்டி திரும்பி வருது, எங்க தெருவுல ஆட்டுக்குட்டிங்க எல்லாம் வேலியத் தாண்டி ஓடுது. பாத்தா ஒசரம் நாலு வெரலு ஏறிக்கீது. லைட்டு ரெண்டு கூட. இன்னாங்க இதுன்னு கேட்டா, அண்ணன்தான் போன்ல சொன்னாருன்றாரு. எதுர்ல நின்னு பேசுற பொம்பள பேச்சு காதுல ஏறாது, போன்ல பேசுற ஆம்பள பேச்சு மட்டும் ஏறுது. எனக்கு வந்திச்சி பாரு கோவம், ஸ்பேனர எடுத்து வீசியிருப்பேன்.

அதனாலதான் இங்கயே உக்காந்துக்கினேன். நீ வேலைய பாரு. நான் எழுந்து போற வரைக்கும்தான வேல நடக்கும், அதனால போ மாட்டேன்.

எழுதிக்கினியா? மொதல்ல ஒசரம். அடுத்தது இந்த டயரு. டிராக்டருக்குப் போடுறதா இது? மூணாவது உள்ள கீற கம்பிக் கூண்டு, அத அறுத்து எடுத்துடு. பட்டுப் பொடவ கட்டிக்கினு அந்தக் கம்பிக்குள்ள பூந்து உக்காந்துக்கினு எத்தினி கல்யாணத்துக்குப் போய்க்கீறேன் தெரியுமா? தோள்மேல ரெண்டு பட்டை, இடுப்புல ரெண்டு பட்டை, கட்டிக்கினா பூவு கசங்கிடும். எறங்கும்போது கட்டிப்போட்டு அடிச்ச மாதிரி எறங்குவேன். எங்க அண்ணி கேக்குறா, இன்னா வடிவு வூட்ல ஏதாச்சும் பிரச்சனையான்னு.

பேரா? பில்லு என் பேர்லயே போடு. அவரு பேரு ஆர்சி புக்குல கீது, பாத்துக்கோ. நான் சொல்ல மாட்டேன், எனக்கு பழக்கம் இல்ல.

வாங்குன கதைய கேளு. மல்லாட்டை தோலு ஒடைச்சி கடலைப் பருப்பு எடுக்குற மிஷின் வச்சிருந்தோம், நல்லா ஓடிக்கினு இருந்திச்சி. பொண்ணுக்கு வளையல் எடுத்துக்கினு வர்றேன்னு மெட்ராஸ் போனாரு. ராவுல ஊரே முழிச்சிக்கிற மாதிரி ஒரு சத்தம். வெளிய வந்து பாத்தா இது நிக்குது. ரேஸு ஓட்டுன ஒருத்தரு வச்சிருந்ததாம். வளையல் எங்கங்கன்னா, இங்க பாரு டர்போன்றாரு. அதுலேர்ந்து புடிச்சிது சனி. ஏரி காஞ்சா போதும், வண்டிய எறக்கிடுவாரு. பெருமுக்கல் மலையடில பாறைமேல ஏத்திக் காட்டுவாரு, பசங்க கும்பலா நின்னு விசிலடிக்கும். மெட்ராஸ் பக்கம் மண்ணு ரேஸுக்குப் போய் கப்பு கூட வாங்கினு வந்தாரு. அந்தக் கப்புலதான் இப்ப நான் வெந்தயம் கொட்டி வச்சிக்கீறேன்.

நல்லாதான் ஓட்டுவாரு தம்பி, அத சொல்லணும். அவரு பீச்சாங்கைக்காரரு. எழுதுறது, வெட்டுறது, சோறு திங்குறது எல்லாம் அந்தக் கைதான். எங்க மாமியாரு சின்னப்புள்ளைல கரண்டியக் காய்ச்சி சூடு வச்சும் மாத்திக்கலையாம். எங்க கல்யாணத்தன்னிக்கு பந்தில அந்தக் கையால அள்ளி அள்ளி சாப்புடுறாரு, எங்க அப்பா மூஞ்சி போன போக்கப் பாக்கணும். ஆனா அவரு, கியர் போடவே பொறந்த கைடி இதுன்னு வண்டில உக்காந்து பெருமை அடிப்பாரு.

பக்கத்து சீட்டுல அந்தோணிசாமின்னு ஒரு சிநேகிதரு உக்காருவாரு, உங்க திண்டிவனத்துக்காரருதான். நேவிகேட்டருன்னு பேரு அதுக்கு. லெப்டு, ரைட்டு, மேடு, பள்ளம்னு முன்னாடியே கத்திக்கினு வரணும். புழுதில டிரைவருக்கு ஒண்ணும் தெரியாதாம். வாய் சொல்ல சொல்ல கை ஒடிச்சிக்கினே போவுமாம். நல்ல நேவிகேட்டரு கெடச்சா டிரைவருக்கு கண்ணே வேணாம் வடிவுன்னு சொல்லுவாரு. எந்த நேரத்துல சொன்னாரோ. அந்தோணிசாமி அண்ணன் அவரு மவன்கூட துபாய் போய் ஒக்காந்துக்கினாரு.

இந்தா, டீ வந்திச்சி பாரு. நீ குடி. எனக்கு சக்கர இல்லாம சொல்லு. எனக்கு ஒண்ணும் இல்ல, அவருக்குதான். வூட்ல அவருக்கு இல்லாதது எனக்கு எதுக்குன்னு வுட்டுட்டேன்.

எங்க வுட்டேன்? ஆங், நாலாவது கிளட்ச். அது கல்லு மாதிரி கீது. மிதிச்சா முட்டி கழண்டு வருது, அத கொஞ்சம் லேசு பண்ணு. சீட்ட நல்லா முன்னால தள்ளி, மேல தூக்கி வை. இப்ப இருக்குறதுல உக்காந்தா ஸ்டேரிங்குக்கு மேல வானம்தான் தெரியுது.

இன்னா பாக்குற? எனக்கு எப்பிடித் தெரியுமா? உக்காந்து பாத்தேன், தெரியும். நீ டீய குடி.

வித்துட்டு சின்ன வண்டி வாங்கலாம், யாரு இல்லன்னா? எம் பொண்ணும் போன்ல அதத்தான் பாடுது. வித்தா அவரு அவ்ளோதான் தம்பி. தினம் காலைல பல்லு வெளக்குனதும் போய் இதுல உக்காந்துக்குவாரு. ஸ்டார்ட் பண்ணுவாரு, காத குடுத்து கேப்பாரு, ஆஃப் பண்ணிட்டு எறங்கி வருவாரு. டேஷ்போர்ட பீச்சாங்கையால தடவிக்கினு உக்காந்திருப்பாரு. அத வாசல் தெளிக்கும்போது பாத்தா, தெளிச்ச எடத்துலயே திரும்ப தெளிச்சிக்கினு நிப்பேன். டிரைவரு போட்டுப் பாத்தாச்சி. ஒரு பையன் வந்தான். கியர எடுக்கும்போது கர்ருன்னு ஒரு சத்தம் வந்திச்சி, எறங்குடான்னுட்டாரு. வேற ஆம்பள கை அதுல படக்கூடாது அவருக்கு.

அந்தப் பக்கக் கதவு நசுங்கினதா? அதான் கேட்டுக்கினே இருக்க. மல்லாட்டை மேல ஏறி மைல்கல்லுல மோதிச்சி. ஊர்ல பிரேக்கு புடிக்கலன்னு சொல்லி வச்சிக்கீறோம். பிரேக்கெல்லாம் நல்லாதான் கீது, நீயே பாத்திருப்ப. பாத்துட்டுதான கேக்குற?

சரி கேளு. யாருகிட்டயும் சொல்லிக்கினு இருக்காத. அவருக்கு கண்ணு தெரியாது தம்பி.

சக்கரதான். கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சிடுச்சாம். பாண்டிச்சேரில லேசர் வச்சாங்க, ஊசி போட்டாங்க. ஓரத்துல மட்டும் கொஞ்சம் தெரியுது, நடுவுல கரி பூசின மாதிரி கீதுன்றாரு. இன்னிக்கு நேத்தா? போன வருஷம் மல்லாட்டை போடும்போதே ஆரம்பிச்சிடுச்சி. வெளிய யாருக்கும் தெரியக்கூடாதுன்னுட்டாரு. எனக்கே லேட்டாதான் தெரியும். அப்புறம் வண்டிய வுட்டாரா? வுடல. நீ பக்கத்துல உக்காரு வடிவு, சொல்லிக்கினே வான்னாரு. நானும் உக்காந்தேன். லெப்டுங்க, ரைட்டுங்க, எதுர்ல பஸ்ஸுங்க, ஆடு நிக்குது நிறுத்துங்க. பெரிய ரோட்டுக்கு வர வுட மாட்டேன், ஊர் ரோடுதான், மெதுவாதான். இருந்தாலும் எவ்ளோ திமிரு எங்களுக்கு. எறங்குனதும் வூட்ல போய் சண்ட போடுவேன், அழுவேன். மறுநாளு சாவிய எடுத்துக்கினு குழந்த மாதிரி நிப்பாரு. மறுபடியும் ஏறிடுவேன்.

அன்னிக்கு ரோட்டுல மல்லாட்டை காயப் போட்டிருந்தாங்க, லெப்டு பக்கமா. அதுக்கு நடுவுல சின்னபொண்ணு அக்கா மொறத்த வச்சிக்கினு பொடச்சிக்கினு கீறா. நான் வேற பக்கம் பாத்துக்கினு இருந்துட்டு திரும்பினா, கிட்ட வந்துட்டோம். நிதானமா இருந்தா எனக்கு லெப்டு ரைட்டு நல்லா வரும். பயத்துல வாய்ல வர்றது பொறந்த வூட்டுப் பேச்சுதான? சோத்தாங்கை பக்கம் ஒடிங்க, சோத்தாங்கை பக்கம்னு கத்திட்டேன்.

அவரு சோறு திங்குறது எந்தக் கை? சொல்லு.

ஒடிச்சாரு. சரியா அந்தப் பக்கமே ஒடிச்சாரு. அக்கா மொறத்த போட்டுட்டு எகிறி ஓடினா பாரு, முருகா, அவளுக்கு அவ்ளோ வேகம் எங்கேர்ந்து வந்திச்சோ. வண்டி மல்லாட்டை மேல ஏறி கல்லுல மோதி நின்னுச்சி. இவரு ஸ்டேரிங்க வுட்டுட்டாரு. ரெண்டு கையும் மடில கீது. வடிவு, யாருக்கு அடி, சொல்லு, யாருக்கு அடின்றாரு. யாருக்கும் இல்லன்னு சொல்றேன், நம்ப மாட்டேன்றாரு. பொய் சொல்லாத, யாரு அங்க, சின்னபொண்ணான்னு கத்துறாரு. அவ வேலி அண்ட நின்னுக்கினு ஆரம்பிச்சா திட்ட. காதுல வாங்க முடியாத பேச்சு. அத கேட்டுதான் அவருக்கு உசுரு வந்திச்சி. சிரிக்கிறாரு, அழுவுறாரு, இன்னும் திட்டு சின்னபொண்ணு, திட்டுன்றாரு.

அதோட சரி, ஓட்டல. ஆனா தப்பு யாருதுன்னு மட்டும் இன்னி வரைக்கும் சண்ட. நீதான சோத்தாங்கைன்னன்றாரு. ஊருக்கெல்லாம் சோத்தாங்கை அதுதான்னு நான். எனக்கு இதுதான்டின்னு அவரு. எவ்ளோ பேஜாரு பாரு.

இதுல கண்ணு தெளிஞ்சிடும், அந்தோணிசாமி வந்துடுவாரு, மறுபடியும் ஏரில எறக்கலாம்னு மனசுல வச்சிக்கினு கீறாரு. அதான் போன் மேல போன். தெளியாதுன்னு டாக்டரு என்னைத் தனியா கூப்பிட்டு சொல்லிட்டாரு. நான் அவருகிட்ட சொல்லல. எப்பிடி சொல்லுவேன்?

அதான் நானே கத்துக்கினேன். இங்கதான், உங்க ஊர்ல, எல் போர்டு வண்டில. வூட்ல மயிலம் முருகனுக்கு வேண்டுதல், செவ்வாக்கெழம செவ்வாக்கெழம போவணும்னு சொல்லிட்டு வருவேன். ஒரு நாளு திரும்பிப் போனதும் நெத்திய காட்டுறாரு, வீவுதி எங்கன்னு. நான் எங்க போவேன்? பூஜ தட்டுலேர்ந்து எடுத்து வச்சி வுட்டேன். முருகன் உனக்கு நல்லது பண்ணுவான்டின்னாரு. பண்ணிட்டான், லைசென்சு வந்துடுச்சி. அம்பது வயசுக்கு மேல எட்டு போட்டுக்கீறேன் தம்பி, காலு கீழ ஊனாம. இன்னா, கார்ல எட்டு போட்டா காலு ஊன முடியாதா? தெரியும், ஒரு பேச்சுக்கு சொல்றேன்.

அவரு ஒத்துக்குவாரான்னு கேக்காத, எனக்கே தெரியாது. கோவிச்சிக்குவாரு. நாலு நாளு பேச மாட்டாரு. அப்புறம் டாக்டருகிட்ட போவணும், மார்க்கெட்டு போவணும், பேத்திய பாக்க போவணும், ஏறித்தான ஆவணும்? என் பக்கத்துல உக்காந்துக்கினு, கியர மாத்துடி, டர்போ அழுவுது பாருன்னு கத்தட்டும். அந்தோணிசாமி சீட்டுல அவரு உக்காரட்டும்.

இன்னொண்ணு. சைலன்சர மொத்தமா மூடிடாத. கொஞ்சம் சத்தம் வை. அவரு கேக்கணும். ஊருக்கு கேக்க வேணாம், அவருக்கு கேட்டா போதும்.

பாரு, மறுபடியும் அடிக்கிறாரு. இப்ப எடு. ஒசரத்துல கை வைக்கலண்ணேன்னு சொல்லு. நான் இங்க இல்லன்னு சொல்லு, கோயிலுக்குப் போய்க்கீதுன்னு சொல்லு. சொல்லிட்டு, கொறச்சிடு.

இரு இரு, எடுக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு. அந்த லெப்டு பக்கம், முன் கண்ணாடி ஓரத்துல, கைப்பிடி ஒண்ணு வைக்கணும். கதவு தொறந்ததும் தேடாம கைக்குத் தட்டுப்படணும். பீச்சாங்கையால புடிச்சி ஏறுற மாதிரி வை. அவருக்கு அதான சோத்தாங்கை.